திருத்தம் வராத வரி

சூரனேந்தலில் செத்துப்போனவர்கள் ஊரின் இணையக் களஞ்சியத்தில் திருத்தம் போட ஆரம்பித்த அன்று, பஸ் ஸ்டாண்டுக்கு மதுரை பஸ் வழக்கம்போல் தாமதமாக வந்தது, காசிமாயன் டீக்கடையில் வடை வழக்கம்போல் எண்ணெய் குடித்துக் கிடந்தது, ஊர் தன்பாட்டுக்கு இருந்தது. முதல் திருத்தம் கொத்தனார் சீனிச்சாமியுடையது. ஊருணிப் படித்துறையைக் கட்டியவர் ஜமீன்தார் என்று களஞ்சியத்தில் எழுதியிருந்த வரிக்குக் கீழே, 'ஜமீன்தார் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கட்டியது நானும் என் மச்சினன் பொன்னையாவும். நாலாவது படி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அது பொன்னையா வேலை' என்று வந்திருந்தது. சீனிச்சாமி செத்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஊர் எழுந்து ஊருணிக்குப் போய், நாலாவது படியில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தது, தண்ணீர் ஒரு பக்கமாகவே ஓடியது. பொன்னையாவின் வாரிசுகள், "செத்தும் அந்தாளு எங்க தாத்தா மேலதான் பழி போடுறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள். ஆச்சரியப்பட்டவர்கள் யாரும் இல்லை.

இந்தக் களஞ்சியத்தை உண்டாக்கியவர் தவசிலிங்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர், மரகதவல்லியின் புருஷன். பரீட்சை ரிசல்ட் பார்க்க, பட்டா எடுக்க, பள்ளிக்கூடப் புராஜெக்டுக்குப் படம் எடுக்க என்று வருகிற சனத்தை அவர் லேசில் விடமாட்டார். "கடலைச் செடியில இலை கருகுது, என்ன மருந்துன்னு பாத்துச் சொல்லுங்கய்யா" என்று ஒரு சம்சாரி வந்து உட்கார்ந்தால், நாலு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார். "மொதல்ல வந்து நிக்குதேன்னு இதை நம்பிராத. இது மருந்து விக்கிறவனே எழுதுனது. இதுல தேதி இல்ல, எப்பவோ செத்த சேதி. இந்தா, இதைப் பாரு, எழுதுன ஆளு பேரு இருக்கு, எந்த நிலத்துல பாத்தாருன்னு இருக்கு, எப்பப் பாத்தாருன்னு இருக்கு. இதைப் படி." மிச்சச் செடியும் கருகுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று சம்சாரி கும்பிடு போடுவார். கடைச் சுவரில் அகராதிக்கு எந்தத் தளம், பழைய புத்தகத்துக்கு எது, மழைக்கு எது, நில வரைபடத்துக்கு எது என்று பச்சைப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். எல்லாம் இருந்தும் சூரனேந்தலைப் பற்றிச் சொல்ல உலகத்தில் ஒரு தளமும் இல்லையே என்ற ஆதங்கத்தில்தான் ஊருக்கென்று ஒன்றை அவரே தொடங்கினார். யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எதை வைத்து எழுதினாய் என்று சொல்லாத ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பாக 'ஆதாரம் தேவை' என்று ஒட்டிவிடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் நன்றாகச் சமைப்பாள் என்று யாராவது சொன்னால், பின்னாலிருந்து ஒரு குரல் "ஆதாரம் தேவை" என்று கத்தும், கூட்டம் சிரிக்கும், தவசிலிங்கமும் சிரிப்பார்.

அந்த மனுஷன் ஒரு பங்குனி மாதம் காலையில், பக்கத்து ஜில்லாவில் இருக்கும் ஒரு கல்வெட்டை நேரில் படித்துவிட்டு வருகிறேன் என்று துணிப்பையோடு பஸ் ஏறினார், திரும்பி வரவில்லை. மரகதம் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணவறை என்று ஏறாத படி இல்லை. கல்வெட்டு இருந்த ஊரில் அப்படி ஒருவர் வரவேயில்லை என்றார்கள். திருப்பூரில் இன்னொருத்தியோடு பார்த்தோம் என்று ஒருவர் சொன்னார், திருவண்ணாமலையில் தாடியோடு பார்த்தோம் என்று இன்னொருவர் சொன்னார், ஆற்று வெள்ளத்தில் போயிருப்பார் என்று ஆறே இல்லாத பக்கத்தைக் காட்டி ஒருவர் சொன்னார். ஒவ்வொன்றையும் கேட்கும்போது மரகதத்தின் மனசுக்குள் அந்தச் சிவப்பு எழுத்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவள் கடையைத் திறந்தாள், கம்ப்யூட்டர்களைத் துடைத்தாள், சனத்துக்குப் பட்டா எடுத்துக் கொடுத்தாள், பொட்டு வைத்துக்கொண்டாள். மாமியார் வெள்ளையம்மா தினமும் மகனுக்கு ஒரு தட்டு வைத்துச் சோறு போட்டுவிட்டு, சோறு ஆறிய பிறகு அதைத் தானே சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகுதான் செத்தவர்கள் திருத்தம் போடத் தொடங்கினார்கள், அதை அடையாளம் காண்பது சுலபமாக இருந்தது. உயிரோடு இருப்பவர்கள் எழுதினால் பெயரும் தேதியும் நேரமும் விழும். செத்தவர்கள் எழுதினால் பெயர் மட்டும் விழும், நேரம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும். திருத்தம் வரும்போது கடையில் ஒரு வாசனை வரும். சீனிச்சாமி வந்தால் ஈரச் சுண்ணாம்பு வாசனை, பூக்காரர் வந்தால் வாழைநார் வாசனை. மின்விசிறி அந்தச் சமயம் மட்டும் கொஞ்சம் தயங்கிச் சுற்றும், உட்கார்ந்திருப்பவர்களின் கழுத்துப் பின்புறம் குளிரும், அவ்வளவுதான்.

ஆனால் எதையாவது கேட்டால் அவர்கள் பதில் சொல்லவில்லை. அப்பா எப்படி இருக்கிறீர்கள், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று சனம் எழுதி எழுதிப் பார்த்தது, கல்லைப் போட்ட கிணறுகூடச் சத்தம் கொடுத்திருக்கும். வழியைக் கண்டுபிடித்தவள் இட்லிக்கடை பஞ்சவர்ணம். செத்துப்போன அம்மாவின் ஆட்டுக்கால் குழம்புப் பக்குவத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்து, கோபத்தில், 'எங்கம்மா குழம்புக்குப் பட்டை கிராம்பு அள்ளிப் போடுவாள்' என்று அபாண்டமாக எழுதிவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் கடை முழுக்கச் சோம்பு வாசனை. 'பட்டை போட்டால் அதற்குப் பேர் குழம்பா? சோம்பும் சின்ன வெங்காயமும் மட்டும். பஞ்சவர்ணத்துக்கு நாக்கும் செத்துப்போச்சு' என்று திருத்தம் வந்திருந்தது. பஞ்சவர்ணம் திரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், திட்டிய வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அதற்குப் பிறகு ஊர் பொய் எழுதத் தொடங்கியது. கேட்டால் வாய் திறக்காத செத்தவர்கள், தப்பாக எழுதினால் பொறுக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கிணறு எங்கே வெட்டினால் தண்ணீர் வரும் என்று தெரிய வேண்டியவன், மேற்கு மூலையில் என் தாத்தா தண்ணீர் பார்த்தார் என்று வேண்டுமென்றே மாற்றி எழுதினான். புருஷன் குரலுக்கு ஏங்கியவள், அவருக்கு நீச்சல் தெரியாது என்று எழுதினாள். இதற்கென்று ஒரு முறையும் உண்டாயிற்று: பொய் எழுத வருகிறவர்கள் குளித்துவிட்டு வரவேண்டும், கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கவேண்டும், மனசு நோகிற பொய்யாக இல்லாமல் சின்னப் பொய்யாக எழுதவேண்டும். திருத்தம் வந்துவிட்டால் கடையில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு கடலை மிட்டாய். சிலருடைய செத்தவர்கள் எழுதும் வரிகள் மட்டும் நோஞ்சானாக, பாதியில் நிற்பதாக இருந்தன. அவர்கள் வீட்டில் அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை என்பதைப் பஞ்சவர்ணம்தான் விசாரித்துச் சொன்னாள். இறைத்தார்கள், அடுத்த நாளே எழுத்து தெம்பாகிவிட்டது. தவசிலிங்கம் எத்தனையோ வருஷம் கத்தியும் ஆதாரத்தைத் திரும்பிப் பார்க்காத ஊர், இப்போது ஆதாரம் நேரில் வருமென்று வரிசையில் நின்றது.

தையல்காரர் பால்ராஜ் வந்து எழுதும்வரை இது ஒரு திருவிழா மாதிரிதான் இருந்தது. அவருக்கு அப்பா மேல் கொள்ளைப் பிரியம். சின்னப் பொய்க்கு அப்பா அசையமாட்டார், பெரிதாகப் போட்டால் சிங்கம்போல் வருவார் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, 'என் அப்பா என் சித்தப்பாவின் கிணற்றுப் பங்கை ஏமாற்றி வாங்கினார்' என்று எழுதினார். திருத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதே வாரம் அதே அப்பா, தையல்காரத் தெருவைப் பற்றிய பக்கத்தில் ஒரு வீட்டு வாசல் தெற்குப் பார்த்தது இல்லை, கிழக்குப் பார்த்தது என்று திருத்தம் போட்டார். ஆக, படிக்கிறார். எல்லாவற்றையும் படிக்கிறார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார். பால்ராஜ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு ஒரு நாள் எழுந்து நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போய்க் கிணற்றுப் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தார். அன்றிலிருந்து கூட்டம் குறைந்தது. செத்தவர்கள் பேசுவதைத் தாங்கிக்கொண்ட ஊரால் அவர்கள் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை.

களஞ்சியத்தில் தவசிலிங்கத்துக்கென்று ஒரு பக்கம் இருந்தது. பெயர், ஊர், தொழில் என்று மூன்றே வரி, அவர் கையால் எழுதியது. அந்தப் பக்கத்தை மட்டும் ஊரில் யாரும் திறப்பதில்லை. திறந்து எதையாவது எழுதி, நேரமில்லாத ஒரு திருத்தம் வந்து நின்றுவிட்டால் மரகதத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். ஆடி பிறந்ததும் தவசிலிங்கத்தின் தம்பி சுந்தரவேல் கடைக்கு வந்தான்.

"மதினி, அமாவாசை வருது. அண்ணன் இருக்கா இல்லையான்னு தெரியாம இன்னும் எத்தனை அமாவாசையை விடுறது?"

"தெரியாம என்ன செய்யச் சொல்றீங்க தம்பி? உசுரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளுந் தண்ணியும் எறைச்சா அது கொல்றதுக்குச் சமானம்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா. செத்த மனுசனுக்கு எறைக்காம விட்டா? தொண்டை காஞ்சு அலையும் மதினி. என் கூடப்பொறந்தது." அவன் கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினான். "நீங்க எழுதுங்க. 'தவசிலிங்கம் பொண்டாட்டியை விட்டுட்டு ஓடிப்போனான்'னு ஒரே ஒரு வரி. எங்க இருந்தாலும் அண்ணன் பொறுக்காது. நேரம் விழுந்தா உசுரோட இருக்கு. விழலைன்னா..."

"ஒண்ணுமே வரலைன்னா?" என்றாள் மரகதம்.

அவளுக்கு அதுதான் பயம். செத்திருப்பார் என்பதை அவள் எத்தனையோ தடவை நினைத்து அழுது பழகியிருந்தாள், அந்தத் துக்கத்துக்கு மனசில் ஒரு இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள். பால்ராஜின் அப்பா மாதிரி, அவர் எங்கேயோ இருந்து படித்துவிட்டு, ஆமாம் விட்டுவிட்டுத்தான் போனேன் என்று சும்மா இருந்துவிட்டால்? அந்த வரி பிறகு உண்மையாகிவிடும், அவள் அதோடு குடித்தனம் நடத்தவேண்டி வரும்.

"நீங்க எழுதலைன்னா நான் எழுதிருவேன் மதினி. கோவிச்சுக்கிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான் சுந்தரவேல்.

அவன் எழுதுவதற்குள் தானே எழுதிவிடவேண்டும் என்று மரகதம் முடிவு செய்தாள். மனசு நோகாத பொய்யாக இருக்கவேண்டும், வேறு யாரும் திருத்திவிட முடியாததாக இருக்கவேண்டும், அவர் பார்த்தால் சும்மா போகமுடியாததாக இருக்கவேண்டும். கல்யாணமான புதிதில் மறுவீட்டுக்குப் போகும்போது, பஸ்சில் தன் வலது பக்கத்தில் உட்கார்ந்தவளை எழுப்பி இடது பக்கத்துக்கு மாற்றி உட்காரவைத்துக்கொண்டு தவசிலிங்கம் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அவருக்கு வலது காது கேட்காது. சின்னப் பிள்ளையில் ஊருணியில் வழுக்கி விழுந்து முழுகப் பார்த்தவரை யாரோ தூக்கிவிட, ஓடி வந்த வெள்ளையம்மா பதற்றத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள், அன்றைக்கு வலது காதில் ஒரு வண்டு புகுந்த மாதிரி சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் அடங்கியபோது அந்தக் காதில் எல்லாமே அடங்கிவிட்டது. "பயத்துல அடிச்சது, கோவத்துல இல்ல. அம்மாவுக்குத் தெரியவே கூடாது மரகதம். தெரிஞ்சா அந்தக் கையை அவ என்ன செய்வான்னு சொல்லமுடியாது" என்றார். அன்று முதல் அவள் எங்கே போனாலும் அவருக்கு இடது பக்கமாகவே நடந்தாள். அவர்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

காலையில் குளித்துவிட்டுக் கடைக்கு வந்தாள், டம்ளரில் தண்ணீர் வைத்தாள், அந்தப் பக்கத்தைத் திறந்து, 'இவருக்கு இடது காது கேட்காது' என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கடையைப் பெருக்கினாள், பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள், திரைப்பக்கம் திரும்பவில்லை. முதலில் அவளுக்கு எந்த வாசனையும் வரவில்லை, ஆனால் நாக்கு வறண்டுபோயிற்று. தண்ணீரே படாத கோடை மண்ணின் புழுதி நெடி மெதுவாக மூக்கில் ஏறியபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மின்விசிறி தயங்கிற்று. திரும்பிப் பார்த்தாள்.

'இடது இல்லை, வலது. ஆதாரம்: மரகதவல்லி.'

பெயர் இருந்தது. நேரம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது, ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை, இறைக்காத தண்ணீரை அவரால் குடிக்க முடியாது என்று அவளுக்கு உறைத்தது. அவள் சேரில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, எந்த வெட்கமும் இல்லாமல், ஒரு சந்தோஷமும் வந்தது. விட்டுவிட்டுப் போகவில்லை. அவளைத்தான் ஆதாரமாகப் போட்டிருக்கிறார்.

அதைப் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். அவள் சொல்லவில்லை. திருத்தத்தை அழித்துவிட்டு, மறுபடி 'இடது' என்று எழுதிவிட்டு, பக்கத்தை மூடிவிட்டுக் கடையைத் திறந்தாள். "எழுதினீங்களா மதினி?" என்று கேட்ட சுந்தரவேலிடம், "எழுதிருக்கேன், இன்னும் வரலை" என்றாள். மறுநாள் காலையில் அவர் மறுபடி வந்திருந்தார். 'இடது இல்லை, வலது' என்று மறுபடி எழுதியிருந்தார். அவள் மறுபடி மாற்றினாள். அவர் மறுபடி திருத்தினார். கல்யாணமான நாளிலிருந்து சண்டைபோடத் தெரியாத இரண்டு பேர், ஒருவர் செத்த பிறகு தினமும் காலையில் இப்படிச் சண்டைபோட்டுக்கொண்டார்கள், அவள் காலையில் தலை வாரிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தாள். பஞ்சவர்ணம் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஆனால் அவர் மெலிந்துகொண்டே வந்தார். முதலில் ஆதாரம் போனது. பிறகு 'இடது இல்லை' போனது, 'வலது' மட்டும் நின்றது. புழுதி நெடி கடைக்கு வெளியேயும் வந்தது, டீ குடிக்க வந்தவர்கள் காசிமாயனிடம் முதலில் தண்ணீர் கேட்டார்கள், ஏன் இப்படித் தாகம் எடுக்கிறது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் அவள் எழுதியதற்கு வெகுநேரம் எதுவும் வரவில்லை. மத்தியானம் தாண்டி, 'வ' என்று ஒரே ஒரு எழுத்து வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. மின்விசிறி தயங்கித் தயங்கி அப்படியே நின்றுவிட்டது. தப்பைக் கண்டால் பொறுக்காத மனுஷன், அந்த ஒரு வார்த்தையை எழுதி முடிக்கத் தெம்பில்லாமல், முடிக்கவும் முடியாமல் விட்டுவிட்டுப் போகவும் முடியாமல் அங்கேயே நிற்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளை எழுப்பி, பட்டப்பகலில் ஷட்டரை இறக்கவைத்து, வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனது.

வெள்ளையம்மா மகன் தட்டில் சோறு வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை," என்றாள் மரகதம், "நாளைக்கு ஊருணிக்குப் போகணும். எள்ளு வாங்கிட்டு வரவா?"

"எள்ளு இருக்கு தாயி" என்றாள் வெள்ளையம்மா. "அடுக்குப்பானையில போட்டு வச்சிருக்கேன். வாங்கி ரொம்ப நாளாச்சு."

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? நீ பொட்டும் பூவுமா வந்து நிக்கிறப்ப நான் எப்படித்தா வாயைத் தொறப்பேன்?"

இரண்டு பேரும் அந்தத் தட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அழுதார்கள். சுந்தரவேல் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

சூரனேந்தலில் அமாவாசைத் தண்ணீரைச் சும்மா இறைத்துவிட முடியாது. இறைப்பதற்கு முன்னால் வீட்டுக்குப் பெரியவர் யாரோ அவர், செத்தவரைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோலப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும், கூப்பிடாமல் விட்ட தண்ணீர் ஊருணியோடு ஊருணியாகப் போய்விடும் என்பது அங்கத்து நம்பிக்கை. ஆடி அமாவாசைக் காலையில் ஊர் முழுக்கப் படித்துறையில் நின்று பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. சுந்தரவேல் ஈர வேட்டியோடு எள்ளையும் தண்ணீரையும் கையில் ஏந்தி நின்றான். வெள்ளையம்மா, "தவசீ... ஏலே தவசீ..." என்று கூப்பிட்டாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மறுபடி கூப்பிட்டாள். காற்றில் அந்தப் புழுதி நெடி அப்படியே நின்றது, பக்கத்தில் நின்றவர்கள் எச்சிலை விழுங்கிக்கொண்டார்கள்.

மரகதத்துக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, இந்தப் பக்கம் வந்து கூப்பிடுங்க" என்று அவள் கையைப் பிடித்தாள். "அவுகளுக்கு ஒரு காது கேக்காது. நீங்க அந்தப் பக்கமா நிக்கிறீங்க."

வெள்ளையம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "எந்தக் காது கேக்கும்?"

"இடது காது அத்தை."

கிழவி வழுக்குகிற படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி, தண்ணீருக்குள் யாரோ நிற்பதுபோலவும் அவரைச் சுற்றிக்கொண்டு போவதுபோலவும் மறுபக்கம் போய் நின்றாள். "சின்னப்புள்ளையில கூப்பிட்டாத் திரும்பவே மாட்டான். திமிருன்னு நெனச்சு எத்தனை அடி அடிச்சிருப்பேன்" என்றாள். பிறகு குனிந்து, காதுக்குப் பக்கத்தில் சொல்வதுபோல மெதுவாக, "ஏலே தவசி, தண்ணி குடிக்க வாய்யா" என்றாள். சுந்தரவேல் கையைச் சாய்த்தான். எள்ளும் தண்ணீரும் விழுந்த இடத்தில் ஊருணி ஒரு வாய் அளவுக்கு உள்ளே இழுத்துக்கொண்டது, மறுபடி இழுத்துக்கொண்டது, படித்துறையில் நின்றவர்களுக்கெல்லாம் தாகம் அடங்கியது.

படியேறும்போது வெள்ளையம்மா மரகதத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எப்பத்தா போச்சு அவனுக்குக் காது?"

கேட்டுவிட்டு அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். எதற்காகப் பார்த்தாளோ தெரியாது. மரகதம் அந்தக் கையைப் பார்த்தாள்.

"பொறந்ததுலருந்தே அத்தை. பொறவியிலயே கேக்காதாம்."

"அப்படியா" என்றாள் வெள்ளையம்மா. நாலு படி ஏறிய பிறகு, "அதை அந்தப் பொட்டியில எழுதிப் போடு தாயி. எழுதிப்போட்டா அவனே வந்து சரியா தப்பான்னு சொல்லுவான்ல? நாளைக்கு வந்து சுந்தரத்தை வாசிக்கச் சொல்லிக் கேக்கேன்" என்றாள்.

மரகதத்தால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சுந்தரவேல் அன்று மத்தியானமே உட்கார்ந்து, அண்ணன் பக்கத்தில் தாய் பெயர், தம்பி பெயர், கல்யாணமானது ஆவணி மாதம் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டு எழுந்தான். அவன் எழுந்த சேரில் மரகதம் உட்கார்ந்து, பழைய 'இடது' வரியை அழித்துவிட்டு, 'பிறவியிலேயே இவருக்கு வலது காது கேட்காது' என்று கடைசி வரியாக எழுதினாள். ஒரு எழுத்து தப்பினாலும் விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சுருக்கமாக எழுதுகிறவருமில்லை, தெம்பு வந்துவிட்டால் எப்போது, எங்கே, யார் என்று எல்லாவற்றையும் எழுதி ஆதாரமும் போடுவார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை.

காலையில் வெள்ளையம்மா அவளுக்கு முன்னால் கடை வாசலில் வந்து நின்றிருந்தாள். ஷட்டரைத் தூக்கியதும் மழை பெய்த மண் வாசனை கனமாக வெளியே வந்தது. சுந்தரவேல் பக்கத்தைத் திறந்தான்.

"அண்ணன் வந்துருக்கும்மா!" என்று கத்தினான். "நான் கல்யாணத்தை ஆவணின்னு எழுதிருந்தேன், திருத்திருக்கு. 'ஆவணி இல்லை, தை. அன்று மரகதம் அரக்கு நிறச் சேலை கட்டியிருந்தாள். சுந்தரவேல் பந்தியில் இரண்டு தடவை சாப்பிட்டான்.' பாத்தியாம்மா, எம்புட்டு நீளமா எழுதிருக்கு! நேரம் விழலை."

"காதைப் பத்தி என்ன எழுதிருக்கான்?" என்றாள் வெள்ளையம்மா.

மரகதம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுந்தரவேல் விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினான்.

"'பிறவியிலேயே இவருக்கு வலது காது கேட்காது.' அவ்வளவுதாம்மா. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லம்மா. சரியா இருந்தாத்தான் அண்ணன் விடும்."

வெள்ளையம்மா வலது கையை நீட்டி, எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல், திரை முழுவதையும் ஒரு பிள்ளையின் கன்னத்தைத் தடவுவதுபோல் தடவினாள். மரகதம் அவளுக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பி நின்று அழுதாள். அந்த வரி இன்றுவரை திருத்தமில்லாமல் அப்படியே இருக்கிறது.